தொடர்பியல் துறையின் ஆண்டறிக்கையில் எதைச் சாதனை என்று எழுதுவது?

கரிசல்மண்:

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றின் இதழியல், தொடர்பியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆண்டு முன்னேற்றத்தையும் சாதனைகளையும் அறிக்கையாக எழுதித் தரும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. முந்தைய மூன்று அறிக்கைகளைக் கோப்பிலிருந்து எடுத்து வாசித்தேன். கருத்தரங்கம் சிறப்புற நடைபெற்றது, பயிலரங்கம் இனிதே நிறைவுற்றது, சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றினார் என்ற வாக்கியங்களே தேதி மட்டும் மாறி மாறி வருகின்றன. மூன்றையும் படித்து முடித்த பிறகும் எங்கள் மாணவர்கள் அந்த ஆண்டுகளில் எதைக் கற்றார்கள், எதைச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதே துறையில் இருக்கும் எனக்கே தெரியவில்லை என்றால் வெளியாருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு இடங்களில் தடுமாறுகிறேன். முதலாவது, எங்கள் மாணவர் பயிற்சி இதழ் பத்து வந்திருக்க வேண்டும், நான்குதான் வந்தன. இரண்டாவது, வேலைவாய்ப்பு 90 சதவீதம் என்று எழுதச் சொல்கிறார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 42 பேர். தொலைபேசியில் பிடிக்க முடிந்தவர்கள் 20 பேர். அவர்களில் 18 பேர் வேலையில் இருக்கிறார்கள். அந்தப் பதினெட்டிலும் ஐந்து பேர் சொந்தமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். வெளிநாட்டுத் தொடர்பியல் கல்லூரிகள் இதையெல்லாம் எப்படி எழுதுகின்றன என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கோப்பு:

ஐயா, உள்தர உறுதிக் குழுவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்கிறேன். ஆண்டு விழா மேடையில் வாசிப்பது ஓர் அறிக்கை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பும் தர அறிக்கை வேறோர் அறிக்கை. முன்னதை வாசிக்கும்போது கூட்டம் பரிசளிப்புக்காகக் காத்திருக்கும். பின்னதில் ஏழு அளவுகோல்கள் உள்ளன. ஐந்தாவது அளவுகோல் மாணவர் நலனையும் முன்னேற்றத்தையும் பற்றியது, வேலைக்குப் போனவர்களும் மேற்படிப்புக்குச் சென்றவர்களும் அங்கேதான் வருவார்கள். அதில் தரும் எண்ணுக்குச் சான்றாவணம் கேட்பார்கள். மேடையில் 90 என்று வாசித்துவிட்டு இங்கே வேறு எண்ணைப் போட்டால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவர் வருவார். நான் பார்த்திருக்கிறேன், அந்த நாள் யாருக்கும் இனிதே நிறைவுறாது.

ஆகவே 90 சதவீதம் வேண்டாம். "தேர்ச்சி பெற்ற 42 பேரில் 20 பேரின் விவரம் கிடைத்தது; அவர்களில் 18 பேர் பணியில் உள்ளனர்" என்று எழுதுங்கள். மொத்தத்தோடு வகுத்தால் 43 சதவீதம் அளவில்தான் வரும். ஆனால் விவரம் கிடைக்காத 22 பேரும் வேலையற்றவர்கள் என்று பொருளில்லை என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

மிசூரி வாசி:

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியில் முதுகலை படித்தவள் நான். அங்கே எது சாதனையாகக் கருதப்படுகிறது என்பது அந்தப் பள்ளி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1908 செப்டம்பர் 14 அன்று வகுப்புகள் தொடங்கின. அதே நாளில் மாணவர்கள் தயாரித்த நாளிதழின் முதல் இதழும் வெளிவந்தது. அதாவது, கற்று முடித்துவிட்டு ஒருநாள் பத்திரிகை நடத்தலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பள்ளியை நிறுவிய வால்டர் வில்லியம்ஸ் தாமே பட்டம் பெறாதவர், அச்சகத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் தொழில் கற்றவர். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆனார். (நம் ஊர்த் தேர்வுக் குழு அவரை நேர்காணலுக்குக்கூட அழைத்திருக்காது.)

அந்த நாளிதழ் இன்றும் பள்ளி இருக்கும் கொலம்பியா நகர மக்களுக்கான பத்திரிகை. 1953 முதல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கோமு என்ற வணிகத் தொலைக்காட்சி நிலையமும் உண்டு, அது என்.பி.சி. வலையமைப்பைச் சேர்ந்தது, அதன் செய்தியறையில் மாணவர்கள் செய்தியாளர்களாக வேலை பார்க்கிறார்கள். நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து அன்றிரவே செய்தி தராவிட்டால், மதிப்பெண் குறைவதோடு மறுநாள் பக்கத்தில் ஓர் இடமும் காலியாக நிற்கும். செய்தியில் ஒரு கவுன்சிலரின் பெயரைத் தவறாக எழுதிவிட்டு, மறுநாள் திருத்தம் வெளியிடும்படி நானே தட்டச்சு செய்து கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. நான்கு பருவங்களில் நான் கற்றவற்றில் அந்த மூன்று வரித் திருத்தம் தனியாக நினைவில் நிற்கிறது.

அங்கே இதழியல் பள்ளிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.இ.ஜே.எம்.சி. பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்குழு வந்து பார்க்கும். செய்முறைப் பாடங்களில் ஓர் ஆசிரியருக்கு 20 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் எதிர்பார்ப்பு. ஓர் ஆசிரியர் ஒரே இரவில் எத்தனை பேரின் பிரதியை வரிவரியாகத் திருத்த முடியும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். முதலாண்டு முடிந்து எத்தனை பேர் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற எண்களை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இணையதளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைக்க வேண்டும். விருதுகளும் உண்டு, 1960இல் தொடங்கிய ஹெர்ஸ்ட் மாணவர் இதழியல் விருதுகளைப் பெருமையாகவே குறிப்பிடுவார்கள். ஆனால் அங்கே பரிசு பெறுவது அச்சேறிய அல்லது ஒளிபரப்பான படைப்பு, அதை யாரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

உங்கள் நான்கு இதழ்களைப் பற்றி ஒரு கேள்வி: அவற்றில் வந்த ஏதாவது ஒரு செய்தியால் வெளியே ஏதாவது நடந்ததா?

ஒற்றைக் கேமரா:

மிசூரியை அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரெனால்ட்ஸ் அறக்கட்டளை 2004இல் அந்தப் பள்ளிக்கு இதழியல் ஆய்வு நிறுவனம் அமைக்க 3 கோடியே 10 இலட்சம் டாலர் கொடுத்தது. நாங்களோ ஒரே கேமராவை 36 மாணவர்களுக்கு முறைவைத்துக் கொடுக்கிறோம். மின்கலம் தீர்ந்துவிட்டால் அன்றைய முறையும் தீர்ந்தது. அங்கீகாரத்தையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் பள்ளியும் பெர்க்லியின் இதழியல் பள்ளியும் 2017இல் அந்த அங்கீகாரத்தைப் புதுப்பிக்காமல் விலகிக்கொண்டன. அதனால் அவற்றின் பெயர் மங்கிவிடவில்லை.

நம் அளவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சமுதாய வானொலியைப் பாருங்கள். கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002இல் முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் 90.4 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பைத் தொடங்கி நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாயிற்று. நூறு வாட் அளவிலான சிறிய நிலையம், சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு நிலையம் உள்ள துறை, ஆண்டறிக்கையில் எத்தனை மணி நேரம் ஒலிபரப்பினோம், அதில் எவ்வளவு நேரம் அக்கம்பக்கத்து மக்கள் பேசினார்கள் என்று எழுதலாம். யாரும் மறுக்க முடியாத கணக்கு அது.

கரிசல்மண்:

மூவருக்கும் நன்றி. மிசூரி வாசி அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் நானே ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவது இதழில், வளாகத்துக்கு எதிரே உள்ள நிழற்குடையில் நகரப் பேருந்து நிற்பதில்லை என்று இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். மூன்று நாள் காலை ஏழு முதல் ஒன்பது வரை அங்கேயே நின்று, எந்தப் பேருந்து நின்றது, எது தள்ளிப்போய் நின்றது, எது நிற்காமலே போனது என்று குறித்துப் பட்டியலாகப் போட்டிருந்தாள். இதழைப் பணிமனை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவளே. இரண்டு வாரம் கழித்து அந்த நிழற்குடையில் நேரக் காப்பாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்தார். இது எந்த அறிக்கையிலும் இல்லை. அந்த மாதத்தில் நடந்த கருத்தரங்கம் மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அந்தப் பத்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரப் போகிறேன். பத்துக்கு நான்கு இதழ்தான் வந்தது என்பதையும், அச்சுச் செலவுக்கான ஒப்புதல் ஐந்து மாதம் தாமதமானது என்பதையும் அதன் கீழேயே எழுதுகிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஐவரை மட்டும் எப்படிக் காட்டுவது?

பழைய கோப்பு:

தனி வரியில் "சுயதொழில்" என்று காட்டுங்கள், வேலைவாய்ப்பு முகாம் மூலம் கிடைத்ததாகச் சேர்க்க வேண்டாம். பணி நியமன ஆணை அவர்களிடம் இருக்காது. ஆகவே ஒவ்வொருவரிடமும் கையொப்பமிட்ட ஒரு தன்னறிக்கையும், தொழில் நடப்பதைக் காட்டும் ரசீது, வங்கி வரவு போன்ற ஏதாவது ஒரு தாளும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர்களில் ஒருவர் இரண்டு பேரை உதவிக்கு வைத்திருக்கிறார் என்றால் அதையும் எழுதலாம். இதழ்கள் நான்கையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். அச்சுப்பிழை கண்ணில் பட்டாலும் இப்போது திருத்த வேண்டாம், வந்தபடியே இருக்கட்டும்.