புதுப்பிப்பு: ட்ராப்பர் கை மாறியாச்சு

என் ட்ராப்பர் மடக்குக் கத்தியைக் கொடுத்துவிட்டு கார்பன் எஃகு ஒபினெல் 8-ஐ (மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி) வாங்கிக்கொள்ளலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, மாற்றிவிட்டேன். கைத்துப்பாக்கியை மாற்றாகத் தருகிறேன் என்றவருக்கு நன்றி. உரிமம், பதிவு என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

வந்த கத்தியில் அலகு சிக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், ஈரத்தில் மரப்பிடி ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டு வளையத்தைத் திருப்பிவிட்டு, பிடியின் அடிப்பகுதியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கிறது. அந்த வளையம் 1955-இல்தான் வந்ததாம்; 1890-இல் தொடங்கிய கத்திக்கு அதுவரை பூட்டே கிடையாது! எலுமிச்சை நறுக்கியதும் அலகு கருநீலமாகிவிட்டது. அது துரு இல்லை, பயப்படாதீர்கள். துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

அப்புறம், எனக்குப் பிடித்த விஸ்கி எது என்று கேட்டவர்களுக்கு: லஃப்ரோய்க் 10, பத்து வருடம் ஊறிய ஸ்காட்லாந்து விஸ்கி. அதைக் காய்ச்சும் ஐலா தீவுக்குப் போனபோது முதல் வாய் மருந்துக்கடை மாதிரி இருந்தது. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, காயவைக்கும்போது எரிக்கும் கரிமண்ணின் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய மண்) புகை அது. மூன்றாம் நாள் அதையே தேடினேன். நீங்களும் விமானத்தில் போனால், கத்தியை மட்டும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள்.