குழாய்த் தண்ணீரும் குளோரினும்: உங்களுக்கு நடந்தது என்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, வெந்நீரைத் திறந்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினேன், குப்பென்று நீச்சல்குள வாடை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் ட்ரைஹாலோமீத்தேன் என்ற பெயரே தெரிய வந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் மக்கிய இலைதழைக் கழிவோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்மும் அதன் சொந்தக்காரர்களும் உண்டாகும், இவற்றுக்குத்தான் அந்தப் பெயர். 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டு சொன்னார். சீக்கிரம் ஆவியாகும் என்பதால் குளிக்கும்போது மூச்சிலும் தோலிலும் ஏறுகிறது. பல வருஷம் அதிக அளவில் புழங்கினவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போச்சு. உடனே கிணற்றுத் தண்ணீருக்கு மாறினோம், அதுவும் காய்ச்சாமல். பத்தாம் நாள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. சின்னவளுக்கு விடிய விடிய உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனால் ஊட்டினேன். புற்றுநோய்க்குப் பயந்தவன் கிருமியை மறந்துவிட்டேன்.

*

நான் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன். நீங்கள் முகர்ந்தது குளோரின் வாடை, அல்லது குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாடை. குழாய்த் தண்ணீரில் இருக்கிற அளவுக்கு ட்ரைஹாலோமீத்தேன் மூக்குக்குப் பிடிபடாது. எங்களுக்கு ஏரித் தண்ணீர், உள்ளே வந்ததுமே குளோரின் போடுவது பழைய வழக்கம். மழைக்காலத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும், இலைதழைக் கழிவு அதிகம் என்பதால் அப்போது ட்ரைஹாலோமீத்தேன் பரிசோதனை முடிவும் எகிறும். அப்புறம் படிகாரம் போட்டு, அந்தக் கழிவில் பெரும்பகுதி கசடோடு இறங்கின பிறகே குளோரின் என்று மாற்றினோம், ட்ரைஹாலோமீத்தேன் நன்றாகக் குறைந்தது. அமெரிக்காவில் அதற்கான வரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 100. அதற்காக ஒருநாளும் குளோரினை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

*

கார்பன் ஃபில்டர் மாட்டிவிட்டு ஒன்றரை வருஷம் மறந்துபோன ஆள் நான். தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது, ஒருநாள் திறந்து பார்த்தால் உள்ளே வழவழவென்று பாசி மாதிரி ஒரு படலம். குளோரினை கார்பன் பிடித்துவிடுவதால் அங்கே கிருமிக்குக் கொண்டாட்டம். ட்ரைஹாலோமீத்தேனைப் பிடிக்கும் திறனோ ருசி மாறுவதற்கு முன்பே தீர்ந்துவிடுமாம்! இப்போது மாற்ற வேண்டிய தேதியை ஃபில்டர் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். மூடாமல் காய்ச்சினால் ட்ரைஹாலோமீத்தேன் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும், ஆனால் குளோரினால் அதேபோல் உண்டாகும் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படி ஆவியாகிப் போவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சரி, வீட்டில் இப்போது குழாய்த் தண்ணீர்தான், குளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கும்.