மாதப் பட்டியல் எடுக்க 40 வினாடி: இன்டெக்ஸ் இட்டும் மைஎஸ்கியூஎல் வேகம் கூடவில்லை

வாடிக்கணக்கு (திருகோணமலை):

வணக்கம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள மீன் வாடி ஒன்றின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்து வருகிறேன். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 8.0, சாதாரண ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி. தராசில் நிறுக்கும் ஒவ்வொரு கூடையும் ஒரு நிரையாகப் பதிவாவதால், நிறுவை அட்டவணையில் இப்போது ஏறத்தாழ 22 இலட்சம் நிரைகள் உள்ளன. ஒரு படகின் மாதப் பட்டியலை எடுக்க 40 வினாடி செல்கிறது; காலையில் படகுக்காரர் நாலைந்து பேர் மேசைக்கு முன்னால் நிற்கையில் அது மிக நீண்ட நேரம். வினவலில் (தரவைக் கேட்கும் கட்டளையில்) படகு இலக்கம் = 417, இயர்(திகதி) = 2024, மந்த்(திகதி) = 6 என்று நிபந்தனை இட்டிருக்கிறேன். படகு இலக்கம், திகதி ஆகிய இரண்டு நிரல்களுக்கும் தனித்தனியே இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்ட சுட்டி) உண்டு. முதலாளி புதிய கணினி வாங்கித் தரத் தயார், வாங்கினால் தீருமா?

உப்புவெளியான்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம். திகதி நிரலை, ஆண்டையும் மாதத்தையும் கணக்கிட்டுத் தரும் இயர், மந்த் போன்ற சார்புகளுக்குள் வைத்தவுடன் அதன் இன்டெக்ஸ் பயனற்றுப் போகிறது, ஏனெனில் இன்டெக்ஸில் வரிசைப்பட்டிருப்பது முழுத் திகதியே தவிர, அதிலிருந்து கணக்கிட்டெடுத்த மாதம் அல்ல. திகதி >= '2024-06-01', திகதி < '2024-07-01' என்று வீச்சாக எழுதுங்கள். 'இதிலிருந்து இதுவரை' என்னும் பிற்வீன் கொண்டு '2024-06-30' வரை என்று எழுதினால், நிரலில் நேரமும் சேர்ந்திருக்கும்போது 30ஆம் திகதி பகலில் தராசில் நிறுத்த மீன் முழுவதும் விடுபட்டுவிடும்.

அடுத்ததாக, (படகு இலக்கம், திகதி) என்ற இதே ஒழுங்கில் ஒரு கூட்டு இன்டெக்ஸ் இடுங்கள். வாடிக் கொப்பியில் படகுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்குள் திகதி வாரியாகப் பதிவு என்பது போலத்தான் அது. ஒழுங்கை மாற்றி இட்டால், அந்த மாதத்தில் வந்த எல்லாப் படகுகளின் பதிவுகளையும் புரட்ட வேண்டி வரும். பிறகு வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் (வினவல் எப்படி நிறைவேறும் என்று காட்டும் கட்டளை) சேர்த்து ஓடவிட்டு, வருவதை இங்கே இடுங்கள்.

வாடிக்கணக்கு:

சொன்னபடி வீச்சாக மாற்றி, கூட்டு இன்டெக்ஸ் இட்டு, பழைய இரண்டையும் நீக்கினேன். இன்னும் 38 வினாடி. எக்ஸ்பிளெயினில் டைப் 'ஓல்' (அட்டவணை முழுவதையும் வாசித்தல்) என்று வருகிறது. பொசிபிள் கீஸ் (பயன்படுத்தக்கூடிய இன்டெக்ஸ்கள்) என்பதன் கீழ் புதிய இன்டெக்ஸின் பெயர் தெரிந்தாலும், கீ 'நல்' ஆகவே இருக்கிறது, அதாவது எந்த இன்டெக்ஸையும் பயன்படுத்தவில்லை.

கிண்ணியா நானா:

இன்டெக்ஸ் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. படகு இலக்கம் எந்த வகை நிரல்? வார்சாராக (எழுத்துச் சரம் வைக்கும் வகை) இருந்தால் கோளாறு அங்கேதான். 417 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருப்பதால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு நிரையிலுமுள்ள எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றி ஒப்பிடுகிறது. '417', '0417', முன்னால் இடைவெளி விட்ட ' 417' ஆகிய மூன்றும் எண்ணாக மாறினால் ஒன்றே. ஆனால் இன்டெக்ஸில் அவை வெவ்வேறு இடங்களில் கிடப்பதால், அதை விட்டுவிட்டு அட்டவணை முழுவதையும் வாசிக்கிறது. எக்ஸ்பிளெயினைத் தொடர்ந்து எச்சரிக்கைகளைக் காட்டும் ஷோ வோர்னிங்ஸ் கொடுத்தால் இதை அதுவே சொல்லும்.

'417' என்று குறிக்குள் இடுங்கள். ஆனால் ஒன்று: இதுவரை பட்டியலில் சேர்ந்து வந்த '0417' பதிவுகள் இனிமேல் சத்தமில்லாமல் விடுபடும். படகுக்காரர் காசு குறைகிறதென்று சண்டைக்கு வருமுன் அவற்றைத் தேடித் திருத்துங்கள். திருத்துமுன் பேக்கப் எடுங்கள்.

உப்புவெளியான்:

வகையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, நானா சொன்னதே சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இன்னோடிபி பஃபர் பூலின் (டிஸ்க்கிலிருந்து வாசித்ததை ராமில் வைத்திருக்கும் இடம்) இயல்பு அளவு 128 எம்பி மட்டுமே என்பதால், அதைவிடப் பெரிய அட்டவணையை முழுவதுமாக வாசிக்கும்போது பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்தே வர வேண்டியிருக்கும். ராம் மிச்சமிருந்தால் அதைக் கூட்டுங்கள். மந்தமான வினவல்களைப் பதியும் ஸ்லோ குவெரி லாக்கையும் திறந்து வையுங்கள். அதன் எல்லை இயல்பாக 10 வினாடி, அதை 1 ஆகக் குறைத்தால்தான் மற்ற மந்தமான வினவல்களும் அகப்படும்.

வாடிக்கணக்கு:

நானா, வார்சார்தான். குறி இட்டதும் டைப் 'ரேஞ்ச்' (இன்டெக்ஸில் ஒரு வீச்சை மட்டும் வாசித்தல்) ஆனது, பட்டியல் 0.02 வினாடியில் வந்தது. முன்னால் பூச்சியம் இட்ட பதிவுகள் 212 இருந்தன, எல்லாமே தராசடியில் ஒரே ஆள் தட்டச்சிட்டவை. பேக்கப் எடுத்துத் திருத்திவிட்டேன். நிரலை இன்ட் (முழு எண்) வகைக்கு மாற்றும் வேலையைக் கடை பூட்டிய பிறகு இரவில் வைத்திருக்கிறேன். புதிய கணினி வேண்டாமென்று முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.