சிறுவர் இல்லத்துக்கு அம்மாவின் திவசத்தன்று என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

கொக்குவில் மேற்கு எழுதியது:

வணக்கம். ஆவணியில் எங்கள் அம்மாவின் ஆட்டைத் திவசம் வருகிறது. எங்கள் பக்கத்தில் வழமையாகச் செய்வதுபோல ஒரு சிறுவர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுப்போம் என்று நினைத்து, யாழ்ப்பாணத்தில் வலிகாமப் பக்கம் உள்ள பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குப் போன் எடுத்தேன். பொறுப்பாக இருக்கும் அம்மா நல்ல மாதிரிக் கதைத்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை ஒரு குடும்பம் ஏற்கெனவே பதிந்துவிட்டதாம். இரவுச் சாப்பாட்டையும் இன்னொருவர் எடுத்துவிட்டாராம். "சாமான் ஏதும் தரலாமோ தம்பி?" என்று கேட்டார். என்ன சாமான் என்று கேட்டதற்கு, "பிள்ளைகள் பாவிக்கிற சாமான்தான்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். மேலே கேட்க எனக்கும் தெரியவில்லை.

அங்கே 28 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகச் சின்னவளுக்கு 6 வயது, மூத்தவளுக்கு 17. கனடாவில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் தம்பியும் காசு அனுப்புகிறார்கள். அக்கா தன் பிள்ளைகளின் பழைய உடுப்புகளையும் ஒரு பெட்டியாகக் கப்பலில் போடட்டோ என்று கேட்கிறா. மச்சான் ஒருவர், சின்ன நிகழ்வு ஒன்று வைத்து, பதாகை கட்டி, படம் எடுத்தால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்டலாம் என்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கப்படுத்தத்தான் முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் அம்மா ஒரு புதுத் துவாயும் பிரிக்காத சவர்க்காரமும் எடுத்துக் கொடுப்பா. அலுமாரியில் அதற்கென்றே ஒரு தட்டு வைத்திருந்தா. அது இப்போதும் அப்படியே இருக்கிறது. அதனால் சாமானாகக் கொடுப்பது அவவுக்கும் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்படிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மேற்றன் எழுதியது:

தம்பி, நான் பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் 19 வருடம் மேற்றனாக, பிள்ளைகளைப் பார்க்கிற பொறுப்பில், இருந்தவள். அந்த அம்மா போனில் சொல்லாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும். உள்ளாடையும் நப்கினும். ஆம்பிளைப் பிள்ளை ஒருவர் திவசத்துக்குச் சாப்பாடு கேட்டு எடுக்கும்போது அதை எப்படிச் சொல்வது? நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் விழுங்கியிருக்கிறேன். உங்கள் மனைவியோ சித்தியோ மாமியோ யாராவது ஒருவரைத் திரும்ப எடுத்துக் கதைக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் ஒதுக்கி, கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைக்கட்டும். எல்லாம் வரும்.

இல்லங்களில் பசி கிடப்பது குறைவு. எங்கள் சனம் திவசம், பிறந்தநாள், வெளிநாட்டில் பிள்ளை பாஸ் பண்ணியது என்று எல்லாவற்றுக்கும் சாப்பாடு கொடுக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு நேரமும் எங்களுக்கு உலை வைக்கத் தேவை வராது. தை மாதம் கொப்பிகள் வந்து குவியும். சீருடைத் துணியும் பாடப்புத்தகமும் அரசாங்கம் தருகிறது. ஆனால் அந்தச் சீருடையைத் தைக்கிற கூலி, வெள்ளைக்கு உள்ளே போடுகிற பெற்றிக்கோட், றிபன், சொக்ஸ் எல்லாவற்றுக்கும் யாரிடம் போவது? புரட்டாசியில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு கிழமையில், சவர்க்காரம் முடிந்துபோகும். இந்தக் காசை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கும்போது அந்தக் கிழமையை மனதில் வைத்திருங்கள்.

முதலில் நப்கின். 28 பேரில் பெரிய பிள்ளையானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். 17 பேர் என்று வைத்தால், ஆளுக்கு மாதம் பத்து உள்ள பக்கற் இரண்டு, ஆக 34 பக்கற். ஒரு வருடத்துக்கு 408. பெரிய தொகைதான், பயப்படாதையுங்கள், மூன்று மாதத்துக்கு வாங்கினாலே பெரிய உதவி. 2022இல் சாமான் விலை ஏறிய நேரம் நாங்கள் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து மடித்துத் தைத்தோம். மழை நாட்களில் அவை காயாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த வருடம் ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் "வயிற்றுக்குத்து" என்று படுத்திருப்பாள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இரண்டு பேருமே அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

உள்ளாடை எல்லோருக்கும் புதிதாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஆறு என்று கணக்குப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாளைக்குக் கொடியில் ஒன்றும் காயாது, அதனால் மூன்று காணாது. அளவை எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டாம். நாங்கள் துண்டுக் கடதாசி கொடுப்போம். பிள்ளைகள் தாங்களே எழுதி மடித்துத் தருவார்கள். சப்பாத்துக்கும் பாட்டாவுக்கும் பழைய பேப்பரில் காலை வைத்துச் சுற்றிக் கீறி, உள்ளே பெயர் எழுதி வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். வயதை வைத்துக் கால் அளவு சொல்ல முடியாது. சின்னவர்களின் கால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும், ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள்.

சவர்க்காரக் கணக்கை வெளிநாட்டில் இருந்து போடுபவர்கள் எப்போதும் குறைவாகத்தான் போடுவார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. சவர்க்காரத்தில் ஒரு பங்கு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகப் போய்விடும், மிச்சம்தான் நுரைக்கும். ஒருமுறை பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். இரவு தங்கிய இடத்தில் குளிக்கப் போன சின்னவர்கள் வெளியே வரவேயில்லை. போய்ப் பார்த்தால், நாங்கள் கொண்டுபோன அதே சவர்க்காரம் பால் பொங்கியது மாதிரி நுரைத்திருக்கிறது. தலையில் தொப்பி வைத்து, ஒருத்தி தாடி வைத்து, சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "அம்மா, இந்தச் சவர்க்காரத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று ஒரு குஞ்சு கேட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு குளிக்கிற சவர்க்காரம் முடியும், பெரிய பிள்ளைகளுக்கு அதுவும் காணாது. உடுப்புத் தோய்க்கிறது தனி. தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டும், இந்தத் தண்ணீரில் முழுகினால் மயிர் தும்பு மாதிரி நிற்கும்.

துவாய் பற்றி நான் கொஞ்சம் கூடக் கதைப்பேன். ஆளுக்கு இரண்டு, கட்டாயம் தனித்தனி. ஒரு துவாயை இரண்டு பேர் துடைத்தால் சொறி இரண்டு பேருக்கும் வரும், பிறகு முழு இல்லத்துக்கும் மருந்து பூசி, எல்லாப் படுக்கை விரிப்பையும் கொதிதண்ணீரில் போட வேண்டும். பேன் சீப்பும் அப்படித்தான். ஈர் பொரிக்கப் பத்து நாள் வரை எடுக்கும் என்பதால் ஒருமுறை வாரியது போதாது, எல்லாத் தலையையும் ஒரே நாளில் பார்த்து, கிழமை கழிய மறுபடி பார்க்க வேண்டும். நாங்கள் துவாயின் மூலையில் பிள்ளையின் அடையாளத்தை நூலால் தைப்போம். முதலில் இலக்கம் தைத்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை. பிறகு, என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். பூ, நட்சத்திரம், மயில் என்று சொன்னார்கள். புதிதாக வந்திருந்த ஒரு ஏழு வயதுக்காரி இரண்டு நாள் யோசித்துவிட்டு "பூசணிக்காய்" என்றாள். வீட்டில் அவளின் அம்மம்மா பூசணி நட்டிருந்தவவாம். செம்மஞ்சள் நூல் தேடி வாங்கித் தைத்தேன். தோய்க்கிற நாளில் அவள் கொடியடியிலேயே நிற்பாள்.

அக்காவின் பெட்டி. கோபிக்காமல் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள பருத்திச் சட்டைகளைப் பெரிய பிள்ளைகள் விருப்பமாகப் போடுவார்கள், அதைக் குறை சொல்லவில்லை. குளிர் உடுப்பும் பாவித்த உள்ளாடையும் வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்த இடப்பெயர்வில், நாங்களும் வலிகாமத்தை விட்டு எல்லோரோடும் தென்மராட்சிக்கு நடந்தோம். எனக்கு அப்போது 22 வயது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். உடுப்பு மூட்டைகள் வந்தன, எடுத்தோம், உடுத்தோம். ஆனால் அந்த ஊர் அம்மா ஒருவர் பேப்பரில் சுற்றி, ஒருத்தரும் காணாமல் என் கையில் வைத்துவிட்டுப் போன இரண்டு புதுப் பாவாடையும் ஒரு சீப்பும்தான் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கப்பல் கூலிக்குக் கொடுக்கிற காசையும் சேர்த்து அக்கா அனுப்பினால் இங்கேயே புதிதாக வாங்கலாம்.

படம் எடுக்கவே வேண்டாம். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். எங்கள் இல்லத்துக்கு வந்த ஒருவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பொதி கொடுத்து எடுத்த படத்தை அன்று இரவே முகநூலில் போட்டார். மேலே "அநாதைகளுக்கு உதவி" என்று எழுதியிருந்தார். அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற பிள்ளையிடம் வகுப்பில் ஒருத்தி போனைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறா, கூலி வேலை செய்கிறவ, மாதம் ஒருமுறை பிஸ்கற் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவா. இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும் வீட்டுப் பிரச்சினைகளும்தான் அவர்களை இங்கே கொண்டுவந்து விடுகிறது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அநாதை இல்லம் என்று இருக்கிறது, இப்போது எல்லோரும் சிறுவர் இல்லம் என்றே சொல்கிறோம். நீங்களும் பற்றுச்சீட்டில்கூட அப்படியே எழுதுங்கள். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

சாமானை நேரே பொறுப்பானவரிடம் கொடுத்து, இருப்புப் புத்தகத்தில் பதிவித்து, கையெழுத்து வாங்குங்கள். இல்லம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்ததா என்றும் கேளுங்கள், அதைக் கேட்டால் நல்ல இல்லக்காரர் கோபிக்க மாட்டார்கள். பற்றுச்சீட்டையும் பதிவுப் பக்கத்தையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம்.

கஸ்தூரியார் வீதி எழுதியது:

மேற்றன் அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் மொத்தக் கடை வைத்திருக்கிறேன், கடைப் பக்கத்தால் மட்டும் சொல்கிறேன். சவர்க்காரம், பற்பசை, நப்கின் மூன்றையும் பெட்டிக் கணக்கில் எடுத்தால் விலை குறையும். நப்கினைப் பிள்ளைகள் பாவிக்கிற அதே வகையில் எடுங்கள், ஈவா என்றால் ஈவா, ஃபெம்ஸ் என்றால் ஃபெம்ஸ். பற்பசையில் முடிவுத் திகதி பாருங்கள், விலை குறைத்துத் தருகிற பெட்டிகளில் சில வேளை மூன்று மாதம்தான் இருக்கும். பல் துலக்குகிற பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று சேர்த்து எடுங்கள், நிறங்கள் கலந்து கேட்டால் தருவார்கள், ஆளுக்கு ஆள் மாறிப்போகாது. உள்ளாடையும் சப்பாத்தும் வாங்கும்போது அளவு மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்க முதல் கேட்டு, பில்லில் எழுதுவியுங்கள். முழுக் காசையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம். கடைக்காரரிடம் கதைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லத்துக்கே அனுப்பிவைப்போம், நானும் இரண்டு குடும்பங்களுக்கு அப்படிச் செய்கிறேன்.

தெல்லிப்பழைப் பிள்ளை எழுதியது:

நான் இல்லத்தில் வளர்ந்தவள். இப்போது வேலை செய்கிறேன், கல்யாணமும் முடிந்தது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும் போல இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள். சண்டை வரும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். வரட்டும். எங்களுக்கு எட்டு வருடம் ஒரே நீலத் துவாய், ஒரே நீல வாளி. ஒரு தீபாவளிக்கு ஒரு அன்ரி சீப்புகளை மேசையில் பரப்பிவைத்து, "விருப்பமானதை எடுங்கோ" என்றா. நான் பச்சைச் சீப்பு எடுத்தேன். பல்லு இரண்டு உடைந்த பிறகும் அதைத்தான் வைத்திருந்தேன்.

மற்றது, மூத்தவளுக்கு 17 என்று எழுதியிருக்கிறீர்கள். 18 முடிய அவள் வெளிக்கிட வேண்டி வரும். நான் வெளிக்கிட்ட அன்று என்னிடம் இரண்டு ஷொப்பிங் பை. தங்கின அறையில் முதல் இரவு தலையணை இல்லை, மறுநாள் குளிக்க வாளி இல்லை. கேட்கக்கூட ஆள் இல்லை. அவளுக்குப் பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி, விரிப்பு, தலையணை, வாளி, கோப்பை, ஒரு குடை வாங்கிக் கொடுங்கள்.

கொக்குவில் மேற்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் மனைவி நேற்று அந்த அம்மாவோடு கதைத்தா. முக்கால் மணித்தியாலம். நப்கின் தேவையானவர்கள் 16 பேர். துவாய் கடைசியாக வாங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னர். மூத்த பிள்ளை மார்கழியில் வெளிக்கிடுகிறாளாம், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லையாம். அக்கா பெட்டி அனுப்பவில்லை, காசாகவே தருகிறா. மேற்றன் அக்கா எழுதிய அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கதையை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். பதாகைக்கு வைத்த காசில் நிறம் நிறமாகச் சீப்பு வாங்கட்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மாவின் அலுமாரித் தட்டில் பிரிக்காத சவர்க்காரம் ஒன்பதும் புதுத் துவாய் நாலும் இருக்கின்றன. ஒரு வருடமாக நாங்கள் யாரும் தொடவில்லை. அவற்றையும் கொடுக்கலாமா? 28 பேருக்குக் காணாதே.

பழைய மேற்றன் எழுதியது:

கொடுங்கள் தம்பி. துவாய் நாலையும் மார்கழியில் வெளிக்கிடுகிற பிள்ளையின் பெட்டிக்குள் வையுங்கள், சவர்க்காரத்தையும் அதற்குள்ளேயே வையுங்கள், கொஞ்ச மாதத்துக்கு அவள் சவர்க்காரத்துக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. முதலில் துவாயை ஒருமுறை தோய்த்து வெயிலில் போடுங்கள், புதுத் துவாய் ஈரம் இழுக்காது. மூலையில் என்ன தைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் இணுவிலில்தான் இருக்கிறேன், ஊசி நூல் எல்லாம் இருக்கிறது. மற்ற 27 பேரின் துவாயையும் கொண்டு வாருங்கள், ஆடி முடிவதற்குள் தைத்துத் தருகிறேன்.