எதிர்வீட்டு ஆ மா தவறிட்டாங்க (சிங்கப்பூர்க் குடும்பக் குழு அரட்டை)

தோ பாயோ அக்கா: எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, நம்ம ஆ மா, நேத்து ராத்திரி தவறிட்டாங்க. கீழ வாய்ட் டெக்ல, அதான் புளோக்கோட திறந்த தரைத்தளத்துல, கூடாரம் போட்டாச்சு. 5 நாள் வச்சிருப்பாங்க. ஞாயிறு மண்டாய்ல தகனம்.

ஈசூன் அத்தை: ஐயோ. முறுக்கு டப்பாவைத் திருப்பித் தரும்போது ஆரஞ்சு போட்டுத் தருவாங்களே, அவங்களா?

தோ பாயோ அக்கா: அவங்கதான் அத்தை

பிடோக் சித்தப்பா: எல்லாரும் சேர்ந்து உறையில 50 வெள்ளி பணம் போடலாம்

ஜூரோங் மாமா: 50 வேண்டாம் மாப்ளே. 51, இல்ல 71.

தம்பி: 51 கல்யாண மொய்க்குத்தானே மாமா?

ஜூரோங் மாமா: அங்கதான் நம்மாளுங்க குழம்புறாங்க. நாம 1 கூட வைக்கிறது நல்லது வளரட்டும்னு. சீனருக்கு நல்லது ஜோடியா வரணும், அதனால கல்யாண அங் பாவ், அதான் சிவப்பு உறை மொய், இரட்டைப்படை. சாவு ஜோடியா வரக்கூடாது, அதனால பணமும் நாளும் ஒற்றைப்படை. 4 எங்கயும் வேண்டாம், அவங்க ஹொக்கியன் பேச்சுமொழியில ‘சாவு’ மாதிரியே ஒலிக்கும். உறை வெள்ளை. வீட்டுல மிச்சமிருக்குற சிவப்பு அங் பாவ் உறையை அவசரத்துக்கு எடுத்துடாதீங்க. மேல பேர் எழுதணும், வாசல் மேசையில நோட்டுல ஏத்திக்குவாங்க. இந்தப் பணத்துக்கு பெக் கிம்னு பேரு. ஈமச் செலவுக்கு உதவி.

ஈசூன் அத்தை: ஒரே உறையா, தனித்தனியா?

பிடோக் சித்தப்பா: ஒண்ணாவே போடலாமே

ஈசூன் அத்தை: அப்பா காரியத்துக்கு ஒண்ணா போட்டு யார் பேர் விட்டுப்போச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு

பிடோக் சித்தப்பா: அது இப்ப எதுக்குக்கா

தம்பி: ஆ மா பௌத்தம்தானே? வீட்டுல குவான் இம் சிலை பார்த்தேன்

ஜூரோங் மாமா: சிலையை வச்சு முடிவு பண்ணாதே. குவான் இம் நம்ம இந்தியப் பௌத்தத்து அவலோகிதேஸ்வரர்ங்கிற கருணைப் போதிசத்துவர்தான், ஆனா தாவோங்கிற சீன மதத்து வீடுகள்லயும் கும்பிடுவாங்க. சடங்கு செய்ய வர்றவங்களைப் பாரு. மொட்டைத்தலை பிக்குன்னா பௌத்தம். தொப்பி, பூவேலை அங்கின்னா தாவோ.

தோ பாயோ அக்கா: தொப்பிதான்

ஜூரோங் மாமா: அப்ப தாவோ. தாவோன்னா ‘வழி’. லாவோட்சுங்கிற சீன ஞானி பேர்ல வர்ற மூலநூல் 81 சின்ன அத்தியாயம், அதுல நரகமே கிடையாது. பூசாரி, சபைன்னு மதமா அமைஞ்சது கி.பி. 142ல, சிச்சுவான்ல ஜாங் தாவோலிங் தொடங்கி. செத்தவங்களை விசாரிக்கிற 10 நரக மன்றம் பௌத்தத்தோட கலந்தப்ப வந்தது. 5ஆவது மன்றத்து நீதிபதி யென்லோ வேற யாருமில்ல, நம்ம யமராஜன். பேரே அங்க போய்த் திரிஞ்சதுதான். செத்தவங்க 7 நாளுக்கு ஒரு மன்றம் கடக்கணும், 49 நாள்ல 7. மிச்சம் மூணும் 100ஆம் நாள், முதல் வருஷம், மூணாவது வருஷம். காகிதப் பணம் எரிக்கிறது, மந்திரம் எல்லாம் ஆ மா அந்தப் பாதையைச் சிரமமில்லாமக் கடக்கத்தான்.

தம்பி: யமனா!! ஹா பார் வில்லா பூங்காவுல நரகச் சிலைகளோட பார்த்தோமே

பிடோக் சித்தப்பா: அங்க நீ அழுத அழுகை

தோ பாயோ அக்கா: மாமா, உள்ள போனா என்ன செய்யணும்?

ஜூரோங் மாமா: சிவப்பு, மஞ்சள் உடுத்தாதீங்க. வலது சட்டைக்கையில சின்னத் துணிச்சதுரம் குத்தியிருக்குறவங்கதான் குடும்பத்தார். பெண் போனா வலது, ஆண் போனா இடது. ஊதுபத்தி தந்தா ரெண்டு கையாலயும் பிடிச்சு வணங்கிட்டு அவங்ககிட்டயே கொடுங்க. விருப்பமில்லன்னா தலைகுனிஞ்சா போதும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வேர்க்கடலை, மிட்டாயோட தட்டுல சிவப்பு நூல் இருக்கும், ஒண்ணு எடுத்து விரல்ல சுத்திக்குங்க. வழித்துணை அது. வீட்டுக்குள்ள கொண்டுபோகாம வழியிலயே விட்டுடணும். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ கூடாது.

ஈசூன் அத்தை: நம்ம துக்க வீட்லயும் சொல்லாமத்தானே வருவோம்

ஜூரோங் மாமா: அதேதான். அப்புறம், சின்னவ வர வேண்டாம். மாசமா இருக்குறவங்க வந்தா அவங்களுக்கே சங்கடம்.

ஈசூன் அத்தை: அவ கேட்க மாட்டா. வளைகாப்புக்கு ஆ மா கைத்தடியோட வந்து உட்கார்ந்திருந்தாங்க

ஜூரோங் மாமா: உறையில அவ பேரை எழுதுங்க, அது போதும்.

தோ பாயோ அக்கா: சனி 7 மணி. யார் யார்?

பிடோக் சித்தப்பா: நான். கார் எங்க போடுறது?

தம்பி: நானும். ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசம் இருக்கே, போய்ட்டு வந்து தலைக்குக் குளிச்சா போதுமா?

ஈசூன் அத்தை: அதைப் பெரியம்மாகிட்ட கேளு

தோ பாயோ அக்கா: உறை ஒண்ணா, ரெண்டா? யாராவது சொல்லுங்க

ஈசூன் அத்தை: அந்த முறுக்கு டப்பா அவங்க வீட்லதான் இருக்கு. யாரும் கேட்டுடாதீங்க. அங்கயே இருக்கட்டும்.