புதுப்பிப்பு: சர்க்யூட் வரைய கிகேட் எடுத்துக்கொண்டேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: கோவை கணபதியில் சின்னப் பட்டறை, போர்வெல் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுவதைத் தடுக்கும் போர்டு செய்கிறோம், நோட்டில் பென்சிலால் வரைந்த சர்க்யூட்டைக் கணினியில் ஏற்ற செலவில்லாத மென்பொருள் எது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

சர்க்யூட் வரையும் இன்னொரு மென்பொருளான ஈகிள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதை 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் அறிவித்துவிட்டது. கிகேட் முழுக்க இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், 2013 முதல் ஐரோப்பாவின் செர்ன் அணு இயற்பியல் ஆய்வகமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது.

முதல் இரண்டு நாள் சிரமம்தான். அப்புறம் கீபோர்டில் ஏ தட்டினால் பாகம், டபிள்யூ தட்டினால் ஒயர், பி தட்டினால் பவர் குறி என்று கை பழகிவிட்டது. என்னைத் திணறடித்தது ஒன்றுதான்: சரியாக வரைந்தும், இணைப்புகளை மென்பொருளே சரிபார்க்கும் சோதனையில் 'பவர் பின்னுக்குச் சப்ளை இல்லை' என்று பிழை வந்தது. சப்ளை கனெக்டர் வழியாக வருவதால் அது மென்பொருளுக்குப் புரியவில்லை. பாசிட்டிவ், கிரவுண்ட் இரண்டிலும் 'இங்கே சப்ளை வருகிறது' என்று சொல்லும் பவர் ஃபிளாக் குறியை வைத்ததும் சரியானது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் காயிலில் ஒரு முனை எங்கும் சேராமல் நின்றதையும் அதே சோதனைதான் காட்டிக்கொடுத்தது. நோட்டில் மூன்று முறை பார்த்தும் என் கண்ணில் படவில்லை.