தறிக்கூடத்தின் தரையை அளந்த மூன்று நாட்கள்

அளவுநாடா, மாட்டுங்கா:

இடிக்கப்போகும் ஆலையைப் பதிவு செய்யப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தரையில் தொடங்குங்கள் என்பதுதான். புகைபோக்கியைத் தெருவில் நின்றே படம் பிடிக்கலாம். விழும் நாள்வரை கண்ணில் படும். தரையோ முதல் சுவர் சரிந்ததுமே இடிபாட்டுக்கு அடியில் போய்விடும்.

2008இல் மும்பை லால்பாக் பக்கம் ஒரு பஞ்சாலைத் தறிக்கூடத்தை அளந்தோம். ஆலை நிலங்களில் கட்டடம் கட்ட வழிவிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2006 மார்ச்சில் வந்தபின் அங்கெல்லாம் மளமளவென்று கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்குக் கிடைத்தது மூன்றே நாள். தறிகளைப் பழைய இரும்புக்காரர்கள் ஏற்கெனவே வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மேலே ரம்பப் பல் போன்ற கூரை மட்டும் முழுசாக இருந்தது. ஒவ்வொரு பல்லிலும் வடக்கு நோக்கிய கண்ணாடி. நேர்வெயில் விழாது, நெய்கிறவர் கண்ணுக்கு நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போயிருந்தேன். சேலத்துக்காரர், அதே கூடத்தில் நெய்தவர். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் வெளியே வந்த சுமார் இரண்டரை லட்சம் பேரில் ஒருவர். அதன்பின் அன்றுதான் மறுபடி உள்ளே வந்தார்.

தூண்களைக் கெட்டி இரும்பு என்று வரைந்து வைத்திருந்தேன். பெரியவர் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக் காட்டினார், கணீரென்றது. உள்ளே குழாய். கூரைப் பள்ளங்களில் சேரும் மழைநீர் தூணுக்குள் இறங்கிச் சாக்கடைக்குப் போகுமாம். "தறி ஓடும்போது மழைச் சத்தமே கேட்காது தம்பி. தூணைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும், அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்" என்றார். வரைபடத்தைத் திருத்தினேன்.

பிறகு தரை. எண்ணெய் ஊறிக் கறுத்த கற்களில் வரிசை வரிசையாகத் திருகாணித் துளைகள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவர் தூண்களை எண்ணிக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றார். "முன்னால் ஒரு தறி, முதுகுக்குப் பின்னால் ஒரு தறி. நடுவில் நான்." ஆளுக்கு இரண்டு தறி. அவர் காலடியில் இருந்த கல் தேய்ந்து குழிந்திருந்தது. அளந்தேன், எட்டு மில்லிமீட்டர். நின்ற இடத்திலேயே வெறும் கையை, தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டையைப் போலப் பிடித்து வாயருகே கொண்டுபோய் ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். நாடாவுக்குள் நூல் சுற்றிய குச்சியான தார் தீர்ந்ததும் புதுத் தாரைச் சொருகி, நாடாவின் கண் வழியே நூலை அப்படித்தான் வெளியே இழுப்பார்களாம். உதட்டோரம் அந்த அசைவு இருபத்தாறு வருடம் கழித்தும் மாறவில்லை. அதை மட்டும் நான் படம் பிடிக்கவில்லை. இன்றும் வருந்துகிறேன்.

நெல்லைப் பேத்தி, தாராவி:

அண்ணா, அந்த உறிஞ்சலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அது ஒரு கதை, ஆனால் வேறு மாதிரி. என் ஆச்சியின் தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் பரேலில் ஓர் ஆலையில் வேலை பார்த்தார், நூற்பு பிரிவில். தறிக்கூடத்தில் கூலி அதிகம். ஆனால் அங்கே அவரை விடமாட்டார்கள். நூலில் எச்சில் படும். தலித்தின் வாய் பட்ட நாடாவை அடுத்தவர் வாயில் வைக்கமாட்டார். மும்பை ஆலைகளில் இது ஊரறிந்த வழக்கம். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் எழுப்பினார், தறிப் பிரிவை எங்கள் ஆட்களுக்கும் திறக்க வேண்டும் என்று.

"அந்த வாசல் வரைக்கும் போவேன், அதற்கு அப்பால் சத்தம் மட்டும்தான் எனக்கு" என்று பூட்டனார் சொல்வாராம். நீங்கள் அளந்த கூடத்துக்கும் நூற்பு பிரிவுக்கும் நடுவில் வாசல் இருந்ததா?

அளவுநாடா, மாட்டுங்கா:

சகோதரி, படித்ததும் பழைய சுருளை எடுத்து விரித்தேன். இருக்கிறது. கிழக்குச் சுவரில், இரட்டைக் கதவு. அகலம் 1.8 மீட்டர், உயரம் 2.4 என்று என் கையெழுத்திலேயே குறித்திருக்கிறேன். அது எதற்கான வாசல் என்று பெரியவரிடம் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அவர் இப்போது இல்லை.

அளவுக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. பூட்டனார் வேலை பார்த்தது வேறு ஆலை என்பதையும் குறித்து, அவர் சொன்னதை அங்கே எழுதச் சம்மதமா? ஆச்சி சொன்ன வார்த்தைகளிலேயே அனுப்புங்கள்.